மேல்தாடை, கீழ்த்தாடை, நடுவே ஒரு வெளிச்சக் கோடு

என் மருமகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே போடுகிற வேலை" என்பேன். கேட்டவர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டி மெல்ல நழுவப் பார்ப்பார். விடமாட்டேன். சட்டையைப் பிடித்து நிறுத்தி மிச்சத்தையும் சொல்லித்தான் அனுப்புவேன். அப்படி அகப்பட்டவர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டால் இப்போது எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். உட்காருங்கள்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கோபுரம் இருக்கிறது. இரும்புச் சட்டங்களால் ஆனது, ஒவ்வொரு மாடியின் தரையையும் துளைத்துக்கொண்டு கூரைவரை போகிறது. உச்சிக்கு ஏறினவன் இறங்கி வருவதற்குள் மீசை நரைத்துவிடும், அவ்வளவு உயரம். உச்சியில் ஓர் உலை. தடித்த கண்ணாடிக் கட்டு ஒன்றை அந்த உலைக்குள் மெல்ல இறக்கினால் நுனி இளகி, ஒரு சொட்டு கீழே விழும். அந்தச் சொட்டு வால் பிடித்து இழுத்துவருவது தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை. அதைக் கீழே ஓர் உருளையில் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். கை நீளத்துக் கண்ணாடிக் கட்டு இங்கிருந்து அடுத்த ஊர் வரைக்கும் நீளும். ஒரு தும்மல் போட்டால் அறுந்துபோகும். அந்த அறையில் தும்மலை விழுங்கக் கற்றுக்கொண்டவர்கள் மட்டுமே வேலை பார்க்க முடியும்.

இந்தக் கோபுரத்தைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெத்தை நாற்காலி போட்ட கூட்ட அறை கட்டுவதென்று மேலிடம் தீர்மானித்துவிட்டது. "கூட்டம் போட்டு என்ன பேசுவாங்க?" என்று கேட்டேன். "கோபுரத்தை எப்படிப் பிரிக்கலாம்னு பேசுவாங்க, மாமா" என்றாள் மருமகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. திருமணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் அவள். அது போனால் அவள் ஆராய்ச்சியும் அதோடு போகும். வேறு எங்கும் போய் அதே மாதிரி ஒன்றை எழுப்புகிற வயதும் தெம்பும் தனக்கு இல்லை என்று என் மகனிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அவன் கப்பல்காரன். கடலில் இருந்துகொண்டு "கவலைப்படாதே" என்று சொல்வதில் கெட்டிக்காரன்.

கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். அவர் கண்ணெதிரே ஓர் இழை இழுத்து, அதில் வெளிச்சம் சிதறாமல் நிற்பதைக் காட்டவேண்டும். காட்டினால் கோபுரம் பிழைக்கும். இல்லையென்றால் மறுநாளே ஸ்பேனரோடு ஆட்கள். அந்த மதிப்பீட்டாளருக்கு ஆய்வுக்கூடத்தில் 'அப்புறம்' என்று பெயர். நீங்கள் சூரியனையே கையில் பிடித்துக் காட்டினாலும், பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்பாராம்.

கையிருப்பில் இருந்த கண்ணாடி ஒரே ஒரு கட்டுக்குத்தான் வரும். அந்த நேரம் பார்த்து அவளுடைய உதவியாளர்கள் இருவருக்கும் பொன்னுக்கு வீங்கி.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?" என்றார் சம்பந்தியம்மா. மருமகளின் அம்மா. மகளுக்குத் துணையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். துணையாக என்பது அவர் சொன்னது. என்னைத் திருத்துவதற்காக என்பது நான் கண்டுபிடித்தது.

"ஆமாம்மா. ஒருத்தன் போட்டோ அனுப்பியிருக்கான். கன்னம் ரெண்டும் பலூன். கட்டு அடுக்க ஆளே இல்ல."

"நான் இருக்கேன்ல?" என்றேன் நான்.

"நான் இருக்கேன்ல?" என்றார் அவரும், அதே மூச்சில்.

எங்களை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆளுக்கொரு பாறாங்கல்லை நீட்டினால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

ஆனால் யோசித்துப் பாருங்கள், எங்களைவிடப் பொருத்தமான ஜோடி உலகத்தில் உண்டா? நான் தொலைபேசித் துறையில் இழை ஒட்டுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவோரக் குழியில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கண்ணாடி இழைகளை நுனிக்கு நுனி வைத்து உருக்கி ஒட்டினால், வெளிச்சத்துக்கே தான் தாண்டிய இடம் தெரியாது. பாதி உலகத்தின் காதல் பேச்சும் முழு உலகத்தின் சண்டையும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. சம்பந்தியம்மா பல் டாக்டர். அவருக்கு விரல் நடுங்கி யாரும் பார்த்ததில்லை. நடுங்குவதெல்லாம் எதிரே நாற்காலியில் இருப்பவர்தான்.

மருமகளுக்கு வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையிலேயே பாடம் நடந்தது.

"மாமா, நீங்க ஒட்டின இழையில வெளிச்சம் சுவத்துல சறுக்கிச் சறுக்கிப் போகும். ரொம்ப வளைச்சா?"

"ஒழுகிடும். எத்தனை ஒழுகல் பார்த்திருக்கேன்!"

"எங்களோடதுல அந்த மாதிரி சுவரே கிடையாது. மெல்லிசான குழாய்களை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, அப்படியே உருக்கி இழுக்கிறோம். இழை முழுக்க ஓட்டை ஓட்டையா ஒரு ஒழுங்கு வந்துடும். அந்த ஒழுங்குக்குள்ள குறிப்பிட்ட நிறத்து வெளிச்சம் கால் வைக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்க இடமில்லன்னு துரத்தும். நடுவுல மட்டும் ஒரு குழாயை எடுத்துட்டு இடம் விடுவோம். வேற போக்கிடம் இல்லாம அங்கயே கிடக்கும்."

"உங்க வீட்டு நிச்சயதார்த்தத்துல நான் உட்கார்ந்திருந்த மாதிரி" என்றேன்.

சம்பந்தியம்மா காதில் வாங்காத மாதிரி இருந்தார். அது அவருடைய பலமான ஆயுதம்.

மறுநாள் வெள்ளை அங்கி, தொப்பி, கையுறை, வாய்மூடி எல்லாம் போட்டு எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் விட்டாள். தூசு என்ற பேச்சே அங்கே கூடாது. ஒரு தூசு விழுந்தால் உலையில் அது குமிழியாகி இழையை அறுத்துவிடும். மேசைமேல் தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்று படுத்திருந்தது, வாய் எங்களைப் பார்த்தபடி. அதற்குள் மெல்லிய குழாய்களை வரிசை வரிசையாக, கீழிருந்து மேலாக அடுக்கவேண்டும். அவற்றில் மூன்று ரகம். சுவர் தடித்தது குண்டு, சுவர் மெலிந்தது ஒல்லி, உள்ளே ஓட்டையே இல்லாதது கட்டை. ஆய்வுக்கூடத்தின் செல்லப் பெயர்கள். அடுக்கியபிறகு வாய்ப்பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே மினுக்கல்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம் என்பதுதான் அடையாளம்.

"இடமிருந்து வலம்" என்றாள் மருமகள். "குண்டு, ஒல்லி, கட்டை. குண்டு, ஒல்லி, கட்டை. அடுத்த வரிசையில ஒண்ணு தள்ளி ஆரம்பிக்கணும். நடு வரிசைக்கு நடுவுல ஒரு இடம் காலியா இருக்கட்டும். அவ்வளவுதான். சண்டை போடாதீங்க."

"நாங்க எதுக்கும்மா சண்டை போடப்போறோம்?" என்றோம், இரண்டு பேரும் புண்பட்டு. அவள் உலையைப் பார்க்க மேலே ஏறிப்போனாள்.

சம்பந்தியம்மா குழாயின் வாய்க்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் வந்தது. "கீழ்த்தாடை எனக்கு. மேல்தாடை உங்களுக்கு" என்றார்.

"தாடையா?"

"வாய்னா தாடை இருக்கும்ல? நீங்க அந்தப் பக்கம் திரும்பித் தட்டுலேர்ந்து எடுத்துக் கொடுங்க. குண்டு!"

அவர் கேட்க, நான் முதுகைக் காட்டி நின்று எடுத்து நீட்ட, அப்படியே பாதி முடிந்தது. என்ன வேகம் தெரியுமா! தையல் மிஷின் தோற்றது. கொஞ்சம் தாமதித்தால் "துப்புங்க" என்று அதட்டுவாரோ என்று பயமாக இருந்தது. மதியத்துக்குமேல் இடம் மாறினோம். நான் வாய்க்கு முன்னால், அவர் தட்டுக்கு முன்னால்.

"குண்டு" என்பேன். "வீட்டுக்குள்ளயே ஒண்ணு இருக்கு, வேற எதுக்கு?" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். "ஒல்லி" என்பேன். "நிச்சயதார்த்தத்துல நீங்க போட்ட சங்கிலி ஞாபகம் வருது" என்பார். புரியாத மாதிரி இருந்தேன், ஆனால் வலித்தது.

மாலையில் மருமகள் வந்து, வாய் நிறைந்திருந்த அடுக்கைப் பார்த்து, எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். ஒரு குழாய்கூட உடையவில்லை. "அம்மா, மாமா, நீங்க தெய்வம்" என்றாள். யாரை முதலில் சொன்னாள் என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம்.

அப்புறம் வந்தார். வந்தவர் உயரமாக, ஒல்லியாக, பேனாவை மூடி திறந்து மூடி திறந்துகொண்டே இருப்பவராக இருந்தார். கோபுரத்தின் அடியில் அவருக்கு ஒரு நாற்காலி. மேலே உலை செம்மஞ்சளாய்க் கனன்றது. கட்டு இறங்கியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டு விழுகிறதா, விழுகிறதா என்று என் இதயம் அடித்த அடியில் தரை அதிர்ந்திருக்கவேண்டும். விழுந்தது! பின்னாலேயே பளபளவென்று இழை. மருமகள் அதைப் பிடித்து உருளையில் மாட்டினாள். உருளை சுழன்றது. சம்பந்தியம்மா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இழையின் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையில் வெளிச்சத்தைச் செலுத்தினாள். மறுமுனையைப் பார்த்தபடி ஒரு கேமரா. அது பார்ப்பது பெரிய திரையில் தெரியும். இழையின் நடுமையம் மட்டும் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிகிற மாதிரி முன்கூட்டியே சரிசெய்து வைத்திருந்தாள். அங்கே ஒரு பொட்டு மாதிரி வெளிச்சம் வரவேண்டும்.

ஏதோ மங்கலாக ஒரு பூச்சு. பொட்டு இல்லை.

செலுத்துகிற முனையைச் சரிசெய்தாள். மறுபடி வெட்டினாள். மறுபடி வைத்தாள். அதே மங்கல். அவள் காது மடல்கள் சிவந்தன.

"அப்புறம்?" என்றார் அப்புறம். பேனாவை மூடினார். இந்தத் தடவை திறக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"உங்க வேலைதான்" என்றார் சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கீழ்த்தாடை பளிங்கு மாதிரி இருந்துச்சு. மேல எடுத்துப்போய் என்னத்தைச் செருகுனீங்க?"

"நானா? நான் ஒட்டின இழை கடலுக்கு அடியில கிடக்கு! திமிங்கலம் முட்டினாலும் அசையாது! நீங்கதான் பல்லு கட்டுற மாதிரி இடிச்சு இடிச்சு வச்சீங்க."

"இடிச்சேனா? நான் வச்ச பல்லால கரும்பு கடிக்கிறாங்க!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்று கத்தினாள் மருமகள்.

ஆயுள் முழுக்க எல்லாரையும் வாயைத் திறக்கச் சொன்ன அம்மாளை வாயை மூடச் சொன்னால் எப்படி இருக்கும்! சம்பந்தியம்மா திறந்த வாயோடு நின்றுவிட்டார். மருமகள் எங்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் உள்ள போகுது. வெளியிலயும் வருது. அளவுமானி காட்டுது. ஒழுகவே இல்ல. அப்ப எங்க இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு கேமராவின் வில்லையைத் திருகி, மையத்தை விட்டு, இழையின் முழு முகமும் தெரிகிற மாதிரி பின்னுக்கு இழுத்தாள்.

திரையில் ஒரு வட்டம் வந்தது. மேல்பாதி இருட்டு. கீழ்ப்பாதி இருட்டு. நடுவே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, மெல்லிய ஒரு வெளிச்சக் கோடு. உருகும்போது கண்ணாடி கொஞ்சம் தொய்ந்ததால் இரண்டு ஓரமும் லேசாக மேலே தூக்கியிருந்தது. வட்ட முகத்தில் மூடிய உதட்டோடு ஒரு சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்களைப் பார்த்துச் சிரித்தது.

வாசல்வரை போன அப்புறம் நின்றார்.

மருமகள் அம்மா பக்கம் திரும்பினாள். ரொம்ப மெதுவாக, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுகிற குரலில், "அம்மா, நீ இடமிருந்து வலம்னா எப்படி வச்ச?" என்று கேட்டாள்.

"இடமிருந்து வலம்தான். இங்கேர்ந்து இங்க." விரலால் காற்றில் இழுத்துக் காட்டினார். தன் வலக்கைப் பக்கத்தில் ஆரம்பித்து இடக்கைப் பக்கத்தில் முடித்தார்.

"அது வலமிருந்து இடம்!" என்று நான் குதித்தேன்.

"யாரோட வலம்? வாய் யாருதோ அவங்களோட வலம்தானே வலம்? எதிர்ல உட்கார்ந்திருக்கிறவரோட இடது பக்கம் என் வலது கைப் பக்கம். என் கையை வச்சுப் பக்கம் சொல்லிப் பல்லைப் பிடுங்கியிருந்தா, ஊர்ல பாதிப் பேரு சொத்தைப் பல்லோடயும் நல்ல பல்லு இல்லாமலும் திரிஞ்சுக்கிட்டு இருப்பாங்க!"

மருமகள் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது பின்னால் சாய்ந்து உருண்டது. "கீழ்ப்பாதி ஒரு பக்கமா சுத்துற சுழி! மேல்பாதி எதிர்ச்சுழி! மாமா! அம்மா! ஐயோ!" என்று எங்களைப் பிடித்து உலுக்கினாள். என் வாய்மூடி கழன்று மூக்கில் தொங்கியது.

"என்னாச்சும்மா, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகலை! உங்க கால்ல இருக்கிற செருப்பைப் பாருங்க. வலது செருப்பை எவ்வளவு நசுக்கினாலும் இழுத்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமா இடது செருப்பா மாறுமா?"

"மாறாது. ஆனா பிஞ்சுடும்."

"அதேதான்! மேல்பாதிக்குள்ளயும் வெளிச்சம் நுழைய முடியாது, கீழ்ப்பாதிக்குள்ளயும் முடியாது. ரெண்டும் தடைதான், ஆனா ஒண்ணு வலது, ஒண்ணு இடது. ஒரு தடை இன்னொரு தடையா மாறணும்னா, மாறுற இடத்துல தடையே இல்லாமப் போயாகணும். வேற வழியே கிடையாது. அந்த எல்லையில வெளிச்சத்துக்கு வீடு கிடைச்சிடுது. அங்க ஒரு குழாய் கோணலா இருந்தாலும், ஓட்டை நசுங்கினாலும் கவலை இல்ல. ரெண்டு பக்கமும் சுழி மாறாத வரைக்கும் அந்த வீட்டை யாரும் காலி பண்ண முடியாது! நான் காலியா விட்ட நடு இடத்துல இறக்கினேன், அது சமத்தா எல்லையில போய்ப் படுத்துக்கிச்சு. இதை அடுக்கவே முடியாதுன்னு இத்தனை வருஷம் தள்ளித் தள்ளிப் போட்டேனே!"

அப்புறம் திரும்பி வந்து திரைக்கு முன்னால் நின்றார். "வளைங்க" என்றார்.

அவரிடமே கொடுத்தாள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண இழை ஒன்று, சிவப்பு வெளிச்சத்தோடு. முதலில் அதைத் தன் பேனாமேல் சுற்றினார். சுற்றிய இடமெல்லாம் சிவப்பாக ஒழுகி, அவர் விரல் இடுக்கு ரத்தம் மாதிரி ஒளிர்ந்தது. என் பழைய நண்பன் அது, பாவமாக இருந்தது. பிறகு எங்கள் இழையைச் சுற்றினார். திரையில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னொரு சுற்று. சிரிப்பு. இரண்டு உலோகத் தகடுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தினார். வட்டம் நசுங்கி முட்டையானது. கோடு கொஞ்சம் வளைந்ததே தவிர, மங்கவில்லை.

"மேல்பாதி சுழி மாறினதாலதான் இது வந்துச்சு" என்றேன் நான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மேல்பாதி நான் அடுக்கினது."

"என்னது?" என்றார் சம்பந்தியம்மா. "நீங்க இடமிருந்து வலம்னா ஊர்ல எல்லாரும் வைக்கிற மாதிரி வச்சீங்க. அதுல என்ன பெருமை? மாத்தி வச்சவ நான். தப்பு என்னோடது!"

"நீங்க உங்க முறைப்படி சரியாத்தானே வச்சீங்க? அந்த வாய்க்காரரைப் பொறுத்தவரைக்கும் மாத்தி வச்சது நான். ஆகவே தப்பு என்னோடது."

"இவ்வளவு நேரம் திமிங்கலம் முட்டினாலும் அசையாதுன்னீங்க?"

"முட்டட்டும், இப்ப நான் அசைஞ்சுட்டேன்."

அப்புறம் எங்களைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார். "இது விபத்து" என்றார். "விபத்துக்குக் கோபுரம் கொடுக்க முடியாது. மறுபடி செஞ்சு காட்டணும். அதுவும் நேர்க்கோடா வேணாம். எல்லை நடுவுல சட்டுன்னு திரும்பி ஒரு மூலை இருக்கட்டும். அந்த மூலையில வெளிச்சம் திரும்பிப் போகுதா, அங்கயே மோதிச் சிதறுதா பார்ப்போம். கண்ணாடி நான் அனுப்புறேன்." போய்விட்டார்.

கண்ணாடி வந்தது. எங்கள் கஷ்டமும் அதோடு வந்தது. தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து செய்வது எவ்வளவு கடினம் என்பதை இதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை, நான் எழுதுகிறேன். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் பாதி அவர் சுழி, பாதி என் சுழி, நடுவில் திரும்புகிற எல்லை. சம்பந்தியம்மா குழாயைக் கையில் எடுப்பார். "இது என் வலமா, வாயோட வலமா?" என்று யோசிப்பார். யோசித்ததும் தவறாக, அதாவது சரியாக, அதாவது என்னைப் போலவே வைத்துவிடுவார். நான் அவரைத் திருத்தப்போய் நானும் மாற்றிவிடுவேன். இரண்டு மாற்றமும் சேர்ந்து பழையபடி ஆகிவிடும். அடுக்குவோம், உருவுவோம், அடுக்குவோம். பெருமூச்சு விட்டால் தூசு பறக்கும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டோம். கோபுரத்தின் காலடியில் யாரோ ஏற்கெனவே ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மருமகள் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளில் பேனாவால் இரண்டு கண், ஒரு மூக்கு, பயந்துபோன இரண்டு புருவம் வரைந்து, குழாய் வாய்க்குமேல் ஒட்டினாள். இரண்டு பக்கமும் காதுகூட வைத்தாள்.

சம்பந்தியம்மா அந்த முகத்தைப் பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. கையுறையைச் சொடுக்கிப் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் பயப்படாதீங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றார் கண்ணாடிக் குழாயிடம். பிறகு அவர் கை ஓடியதைப் பார்க்கவேண்டுமே! ஒரு குழாய், ஒரே ஒரு குழாய் அவர் பக்கம் தப்பவில்லை. என் முறை வரும்போது அந்தத் தாளை உரித்துவிட்டு என்னைப் பழைய தெருவோரக் கூடாரக்காரனாக உட்காரவைத்தாள். அவர் முறைக்கு மறுபடி முகம். ஒட்டி உரித்து, ஒட்டி உரித்து, அந்தத் தாளின் மூக்கு தேய்ந்தேபோனது.

இரண்டாம் இழையை இழுத்த அன்று கூடத்தில் நிற்க இடமில்லை. கன்னம் வற்றிய உதவியாளர்கள், பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர்கள், கூட்ட அறைக்கு அளவெடுக்க வந்த தச்சர் எல்லாரும் இருந்தார்கள். மருமகள் இழையை வெட்டி வைத்தாள். இந்தத் தடவை வெளிச்சத்தை எல்லையின் ஒரு ஓரத்தில் மட்டும் குறிவைத்தாள். விரல் நுனியால் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு பொட்டு பிறந்தது. அவள் நீண்ட இழையை மாட்டினாள். பொட்டு நீண்டு கோடாயிற்று, நடுவை நோக்கிப் போயிற்று. மூலைவரை வந்தது. அதற்குமேல் இருட்டு.

தச்சர்கூட மூச்சை நிறுத்திவிட்டார்.

"இன்னும் நீளம் வேணும். போகப்போகத்தான் பக்கவாட்டுல பரவும்" என்று முணுமுணுத்து, உருளையிலிருந்து இன்னும் நிறைய இழையை உருவி மாட்டினாள். திரையில் கோடு மூலையைத் தொட்டது. கொஞ்சமும் தயங்காமல், கொஞ்சமும் மங்காமல், படிக்கட்டில் இறங்குகிறவன் அடுத்த படியில் கால் வைப்பது போலச் சட்டென்று திரும்பி, அடுத்த ஓரம்வரை போய் நின்றது. நான் போட்ட கூச்சலில் இழை அறுந்திருக்கவேண்டும். அதுதான் அறுகிற ரகம் இல்லையே! சம்பந்தியம்மா தச்சரைக் கட்டிப்பிடித்தார். மதிப்பீட்டாளர் திரையின் அருகே மூக்கு படுகிற அளவு குனிந்து, மூலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பேனாவை எடுத்து, மருமகள் நீட்டிய மதிப்பீட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டார். அங்கேயே நின்று தச்சரிடம், "உங்க அளவுநாடாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்" என்றார். மருமகள் கோபுரத்தின் இரும்புக் காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். நான் போய் விசாரிக்கவில்லை. சில சமயம் எனக்கும் விவரம் உண்டு.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான போர் வெடித்தது. இரண்டு சுழிகளுக்கும் பெயர் வைக்கவேண்டுமாம். ஒன்றுக்குக் கூட்டல் குறி, மற்றதற்குக் கழித்தல் குறி. அதுதான் அவர்கள் வழக்கமாம். படத்தில் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் கழித்தல் போட்டிருந்தாள்.

"நான் கழித்தலா?" என்றார் அவர், நாற்காலியின் கையைப் பிடித்தபடி.

"அம்மா, அது வெறும் குறிம்மா. அர்த்தம் கிடையாது."

"அர்த்தம் இல்லேன்னா அவருக்குப் போடு."

"முடியவே முடியாது" என்றேன். "கழித்தல்னு கடைசிவரைக்கும் என்னைக் குத்திக்காட்டுவாங்க."

பேச்சு முற்றி, யாருக்குப் பிறந்தவர்கள் எப்படி என்கிற அளவுக்குப் போவதற்குள், மருமகள் இழையின் ஒரு துண்டை மேசைமேல் நீட்டி வைத்தாள். இரண்டு முனைக்கும் ஒவ்வொரு கேமரா, ஒவ்வொரு திரை. "மாமா, நீங்க இந்த முனையில நில்லுங்க. அம்மா, நீ அந்த முனைக்குப் போ" என்றாள். போனோம். எதிரெதிர் முனையிலிருந்து பார்த்தால் சுழி மாறித்தான் தெரியும் இல்லையா? என் முனையிலிருந்து பார்க்க நான் கூட்டல், அவர் கழித்தல். அவர் முனையிலிருந்து அவர் கூட்டல், நான் கழித்தல். இரண்டு திரையிலும் நடுவே அதே மூலை திரும்பிய வெளிச்சம்.

"இப்ப சரியா?" என்றாள்.

சம்பந்தியம்மா தன் திரையை ஆசைதீரப் பார்த்தார். நானும் என் திரையைப் பார்த்தேன். "பரவாயில்ல" என்றார் அவர். "ஆனா அவரை இந்தப் பக்கம் வரவிடாதே."

நான் வரவில்லை. என் முனையிலேயே நின்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.